ஒரு பக்கம் நிறைய 'ட' எழுதினால் என்ன வரும்?

நாலு, அஞ்சு வயசுப் பிள்ளையை உட்காரவைத்து ஒரே எழுத்தை நோட்டு நிறைய எழுத வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. சந்தேகம் இருந்தால் எழுதும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். முதல் வரியை அச்செழுத்தைப் பார்த்து எழுதும், நன்றாகவே வரும். இரண்டாம் வரியிலிருந்து, தான் எழுதியதையே பார்த்து எழுதும். ஒரு சுழி கோணினால் அடுத்த வரியில் இன்னும் கோணும். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் 'ட'வுக்கு முதலில் மேலிருந்து கீழ்வரை குத்துக்கோடுகளாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் படுக்கைக்கோட்டை ஒட்டிக்கொண்டு வரும். பக்கம் நிறைந்துவிடும். ஆனால் கை ஒரு தடவைகூட 'ட' எழுதியிருக்காது!

மூன்று போதும். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். எழுதி முடித்ததும் மூன்றில் எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளையே வட்டம் போடட்டும். 'அ'வில் தொடங்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை. சுழியும் வளைவும் சேர்ந்த எழுத்து அது. ட, ப, ம, ய என்று கோடு மிகுந்தவை முதலில் வரட்டும். பென்சிலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் விரலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். கிரேயானைக் கட்டைவிரல் பாதி நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னத் துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். 3, 7 போன்றவற்றைத் திருப்பிப் போடுவது ஆறேழு வயசு வரை சகஜம், அதற்குத் திட்டு தேவையில்லை.

வாசிப்பில் தடுக்கி விழும் இடம் கொம்பு. 'பெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் பார்க்கும் பிள்ளை கொம்பிலேயே நின்றுவிடும். 'பொ'வில் இரண்டு பக்கமும் குறி! ஒரு அட்டையில் 'ப', இன்னொரு துண்டில் கொம்பு. முதலில் 'ப' சொல்லட்டும். கொம்பைக் கொண்டுவந்து முன்னால் ஒட்டியதும் 'பெ'. கொம்பும் ப-வும் சேர்ந்து ஒரே எழுத்து என்பது கையில் நகர்த்தும்போதுதான் பிடிபடும். இன்னொரு வம்பு, 'க'வுக்கு ஒரே ஒலி இல்லை. கடல், தங்கம், அகல் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'தங்கம்' என்பதைக் கடலில் வரும் க-வைப் போட்டு வாசித்தால் அது தப்பான வாசிப்பு இல்லை, எழுத்தை நம்பிய வாசிப்பு. "நமக்குத் தெரிஞ்ச சொல் எதாவது இப்படி இருக்கா?" என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும்.

எண்ணில் ஏமாறுவது நாம்தான். நூறு வரை கடகடவென்று ஒப்பித்தால் எண் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். ஏழு பொத்தான்களை வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. "அஞ்சு பொத்தான் எடுத்துத் தா" என்பது அதைவிடக் கடினம், ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அது வந்தபிறகு, பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்து "இப்போ?" என்று கேளுங்கள். கூடிவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே சோதித்துக் காட்டியது இதைத்தான். பேசி ஜெயிக்க முடியாது; மறுபடி எண்ணிப் பார்க்கவிடுங்கள், போதும்.

இருபத்தொன்பதுக்கு அப்புறம் 'இருபத்திப்பத்து' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். கணக்கின் ஒழுங்கைப் பிடித்துவிட்ட பிள்ளை அது. ஒழுங்கில்லாதது நம் எண்ணுப் பெயர்கள்தான்: ஒன்பதில் 'பது' இருக்கிறது, தொண்ணூற்றில் 'நூறு' இருக்கிறது. பிள்ளை என்ன செய்யும்?

இதற்கெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. கால் ஆட ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடிவிடலாம். படுக்கப்போகும் முன் கதை வாசிப்பது இந்தக் கணக்கில் சேராது. ஒரே புத்தகத்தை இருபதாவது தடவை கேட்டாலும் வாசியுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் விரலை அதன் அடியில் வைத்து நிறுத்திவிட்டு, மனசுக்குள் அஞ்சு வரை எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்று எண்ணுவதற்குள் பிள்ளையே அந்தச் சொல்லைச் சொல்லிவிடும்.