பீட்டில்ஸை ஆண்டு வரிசையில் கேட்க வைத்தால் எடுபடாது
பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டை அறிமுகப்படுத்த பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 1962 பாட்டில் தொடங்கி ஆண்டு வரிசையில் போகணும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அதையேதான் நான் என் மகனிடம் செய்து பார்த்தேன், மூன்றாவது பாட்டிலேயே "இன்னும் எத்தனைப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டான். பாடத்திட்டம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஒருநாள் குவீன் என்ற ராக் குழுவின் 'வீ வில் ராக் யூ'வைப் போட்டேன், 1977இல் வந்தது, இரண்டே நிமிடம்தான். இரண்டு மிதி, ஒரு கைதட்டு, அவ்வளவுதான் தாளம். டிரம்ஸே கிடையாது, காலால் மிதித்ததையும் கைதட்டியதையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்தார்கள், கிட்டார் வருவதே கடைசியில்தான். இதைச் சொன்னதும் பையன் சாப்பாட்டு மேசையைத் தட்ட ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை, ரசம் கிண்ணம் கவிழ்ந்து அம்மாவிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம். கடைசியில் வரும் அந்த கிட்டார் பிடித்துப்போய், மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்'டில் வருவது எடி வான் ஹேலன் என்ற கிட்டார் கலைஞர் வாசித்தது என்று அவனே தேடி வந்து எனக்குச் சொன்னான். பீட்டில்ஸுக்கும் வந்தான், ஆனால் 1969இல் வந்த 'அபே ரோடு' ஆல்பம் வழியாக, பின்னிருந்து முன்னால். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வரி புரியாமல் கேட்டு என்ன பயன் என்கிறார். சரி, 'ஆராதனா' இந்திப் படத்துப் பாட்டை அந்தக் காலத்தில் இங்கே முணுமுணுத்தவர்கள் எல்லாரும் இந்தி படித்துவிட்டா முணுமுணுத்தார்கள்?