பால் இல்லாத தக்காளி சூப்: மேலே சொன்னதில் இரண்டு தவறு

"பால் சேராத பிள்ளைக்கு க்ரீமுக்குப் பதில் வெண்ணெய் போடுங்க, கொதிக்கும்போது கேழ்வரகு மாவைத் தூவுங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வெண்ணெயும் பால் பொருள்தான். லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) மட்டும் செரிக்காதவர்களில் பலருக்குக் கொஞ்சம் வெண்ணெய் ஒத்துக்கொள்ளும். பால் புரத ஒவ்வாமை என்றால் கூடவே கூடாது. நெய்யிலும் புரதம் மிச்சம் இருக்கலாம். கடலை எண்ணெயில் தாளித்தால் போதும், நம்ம பக்கம் அதுதானே வழக்கம்.

அடுத்தது மாவு. கொதிக்கிற நீரில் தூவினால் மேல்மாவு உடனே வெந்து கூழாகி மூடிக்கொள்ளும், உள்ளே வறட்டு மாவு அப்படியே நிற்கும். கட்டியை நசுக்கிப் பாருங்கள், தெரியும்.

நாலு பேருக்கு அரை கிலோ தக்காளி, நாலு பல் பூண்டு, முக்கால் லிட்டர் தண்ணீர். வேகவைத்து, ஆறியதும் அரைத்து வடிகட்டுங்கள். 2 மேசைக்கரண்டி கேழ்வரகு மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டியதைச் சிறுதீயில் வைத்துக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். 6, 7 நிமிடத்தில் பச்சை வாசனை போய், நிறம் கறுத்துப் பளபளக்கும். கொஞ்சம் நீர்த்திருக்கும்போதே இறக்குங்கள், ஆற ஆற இறுகும். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தையில் நாட்டுத் தக்காளி வாங்கினால் புளிப்பு தூக்கலாக இருக்கும். ஒரு கேரட் சேர்த்து வேகவையுங்கள், சர்க்கரை வேண்டாம்.

தேங்காய்ப்பால் விடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு கொதித்தால் திரிந்துவிடும்.

பாக்கெட் சூப் பொடி சிலவற்றில் பால் பவுடர் உண்டு, பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.