டர்போ போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைக் கையில எடுங்கய்யா!

மூணு மாசமா அடக்கி வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலைல என் வண்டியை ரிப்பேருக்கு விட்ட ஒர்க்‌ஷாப்ல இருந்து, சர்வீஸ் எப்படி இருந்துச்சு, மார்க் போடுங்கன்னு மெசேஜ் வருது. இனி வாயை மூடிட்டு இருக்க முடியாது.

ஏழு வருஷ டீசல் வண்டி, 83,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர்ல இருந்து குன்னூருக்குக் கிளம்பினேன். கல்லாறு தாண்டி, பர்லியாறுக்கு முன்னாடி ஒரு கொண்டை ஊசி வளைவுல இழுவை பொட்டுன்னு செத்துப்போச்சு. எவ்வளவு மிதிச்சாலும் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டல. செக் எஞ்சின் லைட் எரியுது. பின்னாடி பஸ்காரர் ஹாரனை விடாம அடிக்கிறார். "ஓரமா நிறுத்தீரு சாமி"ன்னு அம்மா நடுங்குறாங்க. ஆஃப் பண்ணித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா பத்து நிமிஷம் ஒழுங்கா ஓடும், அப்புறம் அதே கதை. எஞ்சினைக் காப்பாத்த வண்டியோட கம்ப்யூட்டர் தானே பவரைக் குறைச்சுக்கிற லிம்ப் மோட் அது. மலைப்பாதைல மாட்டினாத்தான் தெரியும் அந்தப் பயம்.

ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனரைச் சொருகினாங்க. பி0236ன்னு ஒரு எரர் கோடு வந்துச்சு. டர்போ எஞ்சினுக்குள்ள அழுத்தித் தள்ளுற காத்தை அளக்கிற பூஸ்ட் பிரஷர் சென்சாரோட ரீடிங் சரியில்லைன்னு அர்த்தம். "சென்சார் எரர் சார், அழிச்சாச்சு." 1,180 ரூபாய். அவ்வளவுதான் வேலை!

இதுதான் எனக்கு முதல் ஆத்திரம். கோளாறு வந்த நொடியில வண்டி எத்தனை ஆர்பிஎம்ல ஓடுச்சு, என்ன வேகம், எவ்வளவு லோடுன்னு வண்டியோட கம்ப்யூட்டரான ஈசியூ பதிஞ்சு வெச்சிருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. எரர் கோடை அழிச்சா அதுவும் சேர்ந்து போயிடும். ஒரு போட்டோகூட எடுக்காம அழிக்கிறீங்களே, டாக்டர் ஈசிஜியைப் பார்க்காமக் கிழிச்சுப் போடுவாரா?

நாலே நாள்ல லைட் திரும்ப வந்துச்சு. சென்சாரை மாத்தினாங்க, 4,300, கூலி தனி. மூணாம் நாள் மறுபடியும். இந்தத் தடவை சர்வீஸ் அட்வைசர் முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு, "சென்சார் புதுசு சார், அப்போ டர்போதான் வீக். 92,000 ஆகும்"ங்கிறார். "எதை வெச்சு சொல்றீங்க?"ன்னு கேட்டேன். "கோடு அப்படித்தான் சார் காட்டுது."

கோடு அப்படிக் காட்டவே இல்ல! அந்த ரீடிங் நம்புற மாதிரி இல்லைன்னுதான் காட்டுச்சு. அது சென்சாராலயும் இருக்கலாம், ஒயராலயும் இருக்கலாம், ஒயரை சென்சார்ல சொருகுற கப்ளராலயும் இருக்கலாம். எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தானே உங்ககிட்ட வர்றோம்?

அன்னிக்கு ராத்திரி வீட்ல உக்காந்து, ஈசியூ ரீடிங்கைப் போன்ல காட்டுற ப்ளூடூத் ஓபிடி அடாப்டரைச் சொருகி நானே பார்த்தேன். சாவியை ஆன்ல வெச்சு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம இருந்தா, டர்போ சுத்தாது. அப்போ அந்த சென்சார் வெளியில இருக்கிற காத்தழுத்தத்தை மட்டும்தான் காட்டணும். கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு மேல 400 சொச்சம் மீட்டர், அதனால 96 கிலோபாஸ்கல் பக்கத்துல வரணும். ஊட்டியில நின்னு பார்த்தா 77, 78 வரும். என் வண்டி காட்டினது 114! எஞ்சினே ஓடல, பூஸ்ட் எங்கிருந்து வந்துச்சு? இந்த ஒரு நம்பரைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. மூணு தடவை போயும் ஒருத்தர் பார்க்கல.

மறுநாள் சத்தி ரோட்டுல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். கடைக்குப் போர்டுகூடக் கிடையாது. 114ன்னு சொன்னதுமே, "புது சென்சாரும் அதேதான் காட்டுதுங்களா? அப்ப எர்த்தைப் பாக்கோணுமுங்க"ன்னார். சப்ளை 5 வோல்ட் சரியா இருந்துச்சு. அடுத்து வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரோட ஒரு முனையை சென்சார் எர்த் பின்ல வெச்சு, இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்ல வெச்சார். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டிய இடத்துல 0.4 வோல்ட். எர்த்தே அவ்வளவு மேல தூக்கி நின்னா, சிக்னலும் கூடச் சேர்ந்து ஏறும். இல்லாத அழுத்தத்தை ஈசியூ இருக்குன்னு நம்பி டர்போவை அடக்கிடும். வண்டி இழுக்காம போனதுக்குக் காரணமே அதுதான். டர்போல ஒரு குத்தமும் இல்ல.

கப்ளரைக் கழட்டிக் காட்டினார். உள்ள ரப்பர் சீல் கிழிஞ்சு, எர்த் பின் பச்சை பூத்துக் கிடக்கு. "எஞ்சினுக்கு பிரஷர்ல வாட்டர் வாஷ் உட்டிருக்காங்க." யாரு விட்டது? ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஃப்ரீன்னு சொல்லி அதே ஒர்க்‌ஷாப்தான்! புது சென்சாரைச் சொருகும்போது இதே கப்ளரை ஒருத்தர் கையில பிடிச்சிருக்கார். அந்தப் பச்சை எப்படிங்க கண்ணுல படாமப் போகும்?

புது பின், புது சீல், நாப்பது நிமிஷம், 600 ரூபாய். சாவியைப் போட்டுப் பார்த்தா 96. அதுக்கப்புறம் குன்னூருக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தாச்சு, லைட் வரல. அம்மா மட்டும் இன்னும் கல்லாறு வந்தாலே கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிறாங்க.

எனக்குத் தெரிஞ்சதால 92,000 தப்பிச்சது. அங்க சர்வீஸுக்கு என் வண்டிக்குப் பக்கத்துல நின்ன டாக்ஸியோட டிரைவர் ஒருத்தர், டர்போ மாத்தணும்னு சொல்லிட்டாங்கன்னு நகையை அடகு வைக்கிறதைப் பத்தி போன்ல வீட்டம்மாகிட்ட பேசிட்டு இருந்தார். அவர் வண்டியில என்ன கோளாறுன்னு நான் கேட்காம வந்துட்டேன். அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

என் பழைய சென்சாரைத் திருப்பிக் கேட்டேன், ஸ்கிராப்ல போட்டாச்சாம். புதுசைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னேன், எலக்ட்ரிக்கல் பார்ட்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். அந்த மெசேஜுக்கு இப்பத்தான் பதில் அனுப்பினேன்: ஓபிடி ரீடிங்கோட ரெண்டு போட்டோ, 114 ஒண்ணு, 96 ஒண்ணு, கூடவே 600 ரூபாய் பில்.