வேறெங்கோ நிறைய இருப்பதால் இங்கே அழியலாமா?

ஓர் உயிரினம் ஒரு பகுதியில் அருகிவருகிறது என்று சொன்னால் போதும், "உலக அளவில் அதற்கு ஆபத்து இல்லையே, பிறகு எதற்குத் தனிப் பாதுகாப்பு?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி பெரிய கேட்டைச் செய்கிறது.

சிவிங்கிப்புலியை (சீட்டா) எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அது ஆபத்துப் படிகளில் முதலாவதான 'அழிவாய்ப்பு' நிலையில்தான் இருக்கிறது, 'அருகிய இனம்' என்ற அடுத்த படிக்குக்கூடப் போகவில்லை. ஆனால் ஆசியச் சிவிங்கிப்புலி இன்று ஈரானில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அதுவும் 'மிக அருகிய' நிலையில். இந்தியாவில் அது அற்றுப்போனதாக 1952லேயே அறிவித்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவின் எண்ணிக்கை ஆசியாவின் இழப்பை மறைத்துவிடுகிறது.

இதற்காகத்தான் வட்டார அளவில் மதிப்பிடும் முறை வந்தது. ஐ.யு.சி.என். அதற்கான வழிகாட்டு நெறிகளை 2003இல் வெளியிட்டது. முதலில் அந்தப் பகுதியில் உள்ள உயிரிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை 250க்கும் குறைவு என்றால் அருகிய இனம், 50க்கும் குறைவு என்றால் மிக அருகிய இனம். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்தில் எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது என்பதும் ஓர் அளவுகோல்.

அப்புறம்தான் எல்லைக்கு வெளியே பார்ப்பார்கள். அங்கிருந்து உயிரிகள் இங்கே வந்து சேர முடியுமா? வந்தால் பிழைக்க வாழிடம் மிச்சம் இருக்கிறதா? முடியும் என்றால் ஆபத்து நிலையை ஒரு படி குறைக்கலாம். வழி அடைபட்டிருந்தால் குறைக்க மாட்டார்கள். வெளியிலிருந்து வருபவற்றை நம்பியே இங்குள்ள கூட்டம் உயிர்வாழ்கிறது, அந்த வரத்தும் குறையப்போகிறது என்றால் ஒரு படி கூட்டவும் செய்வார்கள். ஆக, 'வேறெங்கோ நிறைய இருக்கிறது' என்பதை மதிப்பீடே கணக்கில் எடுத்துவிட்டது. முடிவு வந்த பிறகு அதையே மறுபடி தூக்கிக்கொண்டு வருவது ஒரே சலுகையை இரண்டு முறை கேட்பதுதான்.

சரி, பட்டியலில் ஏறிவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிடுமா? கிடைக்காது. சிவப்புப் பட்டியலுக்குச் சட்ட வலிமை கிடையாது. இந்தியாவில் வேட்டைக்குத் தண்டனை வருவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளால், அதாவது அந்தச் சட்டத்தோடு இணைந்த இனப் பட்டியல்களால். 2022 திருத்தம் அந்த அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தது. சிவப்புப் பட்டியலில் ஓர் இனத்தின் நிலை மாறினால் அட்டவணை தானாக மாறுவதில்லை.

இங்கேதான் என் கருத்து. ஓர் இனம் ஆபத்தில் இருக்கிறதா என்பது அறிவியல் கேள்வி. அதற்காக எதை விட்டுக்கொடுப்போம் என்பது அரசியல் கேள்வி. இரண்டையும் ஒரே மேசையில் கலக்கக் கூடாது. அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தில், ஓர் இனத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் முடிவுக்கு அறிவியல் தரவு மட்டுமே அடிப்படை, பொருளாதாரச் செலவைப் பார்க்கக் கூடாது. சேர்க்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். கனடாவில் தனிக் குழு மதிப்பிடுகிறது, முடிவு அமைச்சரவையிடம். அங்கே அட்லாண்டிக் காட் மீனை ஆபத்தில் இருப்பதாக அந்தக் குழு சொல்லியும் அரசு சட்டப் பட்டியலில் சேர்க்கவில்லை. மீன்பிடித் தொழிலின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுப்பதைப் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும். அதற்காக மீனின் நிலையைப் பட்டியலில் மறைக்க வேண்டியதில்லை.

சிவப்புப் பட்டியலில் 'தரவு போதாது' என்று குறிக்கப்படும் இனங்களை ஆபத்தில்லாதவை போல நடத்துவதும் தவறு. ஆளே போய்ப் பார்க்காத இடத்தில் தரவு எப்படி வரும்?

அமெரிக்கச் சட்டத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஓர் இனத்தின் ஒரு வட்டாரக் கூட்டத்தை மட்டும் தனியாகப் பட்டியலிடும் வசதி அங்கே முதுகெலும்புள்ள விலங்குகளுக்குத்தான். அலாஸ்காவில் உள்ளவற்றை விட்டுவிட்டு, தெற்கே உள்ள கிரிஸ்லி கரடிகளை மட்டும் காப்பாற்ற அது உதவியது. வண்ணத்துப்பூச்சிக்கும் சிப்பிக்கும் அந்த வழி இல்லை. வட்டாரப் பாதுகாப்புக்குப் புதிதாகச் சட்டம் எழுதும் எந்த நாடும் அவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்.