பாலியல் குற்றவாளிகள் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை

காரைக்குடிப் பக்கம் ஆச்சியைச் சேர்க்க முதியோர் இல்லம் தேடுபவருக்கு ஒருவர் சொல்லியிருக்கும் யோசனை இது: பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம், இல்லத்தில் தங்கியிருப்பவர்கள், வேலை செய்பவர்கள் பெயர் அதில் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

அக்கறையில் சொன்னதுதான். ஆனால் இந்தியாவில் அப்படிப் பார்க்க வழியில்லை. 2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் தொடங்கிய அந்தத் தரவுத்தளத்தைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. திறந்து பார்க்கும் உரிமை காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகளுக்கு மட்டுமே. பொதுமக்கள் தேடக்கூடிய பட்டியல் அமெரிக்காவில் உண்டு. பிள்ளைகள் அங்கே இருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். இரண்டும் கலந்துவிட்டதோ என்னவோ.

சரிபார்ப்பது எளிது. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தளத்தில் அந்தத் தேதியிட்ட செய்திக்குறிப்பைத் தேடுங்கள், அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். பணியாளர்களைப் பற்றி அறிய, இல்லத்தாரிடம் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறை அதற்கான விண்ணப்பத்தை இணையவழியிலேயே பெறுகிறது.