கட்டுரைகளை எண்ணியவர்களுக்கு

எங்கள் பேராசிரியரின் பணிநிறைவு விழாவில் கேட்ட பேச்சைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கட்டமைப்புப் பொறியியல் கற்பித்த மனிதரை மேடையில் உட்கார வைத்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் எழுதவில்லை, ஆனாலும் நல்லவர் என்று வாழ்த்துகிறார்கள். வஞ்சப் புகழ்ச்சிக்குக்கூட ஓர் அழகு உண்டு. இதில் அதுவும் இல்லை.

கட்டுரை எண்ணிக்கையை வைத்து ஒரு பேராசிரியரை எடை போடாதீர்கள். அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1930-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை வெறும் 10 பக்கம். கட்டடச் சட்டகத்தில் மூட்டுக்கு மூட்டு மொமென்ட்டை, அதாவது சுமையின் வளைக்கும் விளைவை, பகிர்ந்து சமன் செய்யும் முறை அது. கணினி பரவலாகும்வரை பொறியாளர்கள் அதை வைத்துத்தான் கையால் கணக்குப் போட்டார்கள். இன்றைய தேர்வுக் குழு அவரையும், "மீதிக் கட்டுரைகள் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கும்.

ஒருமுறை சார் எங்களைக் கட்டுமானத் தளத்துக்கு அழைத்துப் போனார். பால்கனிக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடத் தயாராக இருந்தார்கள். ஆட்கள் மிதித்து நடந்ததில் மேல்கம்பி சென்ட்ரிங் பலகையோடு படிந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த 'சேர்' எனப்படும் கம்பி முட்டு ஒன்றுகூட வைக்கவில்லை. சார் முழங்காலிட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். என்னிடம் சாக்பீஸை நீட்டி, "இது எப்படி வளையும், வரைந்து காட்டு" என்றார். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம் கீழே வளையும்போது மேல்பக்கம்தான் இழுபடும். கம்பி இருக்க வேண்டியது அங்கே. விட்டமும் எண்ணிக்கையும் வரைபடப்படி சரி, இடம்தான் தப்பு. அன்று வேலை நின்றது. ஒப்பந்தக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விழாத பால்கனியைப் பற்றி எந்த ஆய்விதழில் எழுதுவது?

ஆராய்ச்சியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நிலநடுக்கத்தில் தூண் எப்படி நொறுங்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அவரும் உடைத்திருக்கிறார். எண் இல்லாமல் எப்படி அளப்பது? அது உங்கள் பாடு. மதிப்பெண் போட்ட நன்றிக்காகப் பேசுகிறேனா? அந்தப் பாடத்தில் நான் வாங்கியதை அவரிடமே கேளுங்கள், சிரிப்பார்.

எனக்கு எரிவது வேறு. பதவி உயர்வு தள்ளிப்போனபோது அவர் ஒரு மனுக்கூட எழுதவில்லை. ஒரே சோதனையை நான்காகக் கூறுபோட்டு நான்கு கட்டுரை எழுதத் தெரிந்தவர்கள், அவருக்குப் பின்னால் சேர்ந்து, அவருக்கு முன்னால் துறைத்தலைவர் ஆனார்கள். இவரோ, கணினி கொடுத்த விடைக்குப் பக்கத்தில், "போட்ட சுமை முழுதும் தாங்கிகளில் வந்து சேர்ந்ததா?" என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு கேள்வியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் அன்று முன்வரிசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை. பேச எழுந்த என்னையும் நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்தார்கள். ஆகவே பதிவு நீளம் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.