கேசி ஓ'பிரையனைப் பற்றியும் எழுதியிருக்கலாம்

2025-இன் சிறந்த கல்லூரி ஐஸ் ஹாக்கி வீரர்கள் பற்றிய கட்டுரையில், அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வென்ற மிச்சிகன் ஸ்டேட் அணியின் ஐசக் ஹோவர்டுக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறீர்கள். 26 கோல், 26 அசிஸ்ட் எடுத்தவர், தகுதியானவர்தான். ஆனால் பெண்களில் சிறந்த வீராங்கனைக்கான பேட்டி காஸ்மையர் விருதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது எனக்கு வருத்தம்.

அதை வென்ற விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கேசி ஓ'பிரையன் அந்த சீசனில் எடுத்தது, கோலும் அசிஸ்டும் சேர்த்து, 88 புள்ளிகள். அதில் 62 அசிஸ்ட், அதாவது சக வீராங்கனைகள் கோல் போட அவர் அமைத்துக் கொடுத்தவை! 13 வயதில் எலும்புப் புற்றுநோய் வந்து, அது திரும்பத் திரும்ப வந்து, அத்தனையையும் தாண்டி மீண்டும் ஸ்கேட்டிங் காலணி மாட்டியவர் அவர். இதை எழுத ஒரு பத்தி கூடவா கிடைக்கவில்லை?

விஸ்கான்சின் வென்ற, பெண்கள் கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியும் சாதாரணமானது இல்லை. ஒஹாயோ ஸ்டேட் முன்னிலையில் இருக்க, கடைசி 19 நொடிக்குள் கிடைத்த பெனால்டி ஷாட்டைக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தவர் விஸ்கான்சினின் கிர்ஸ்டன் சிம்ஸ். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் அவருடையதே, 4-3. சிம்ஸ் பற்றியும் தனியாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.